பிடியில் முறிந்த பட்டைகள்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அதை நான் மறைத்ததில்லை, மறைக்கவும் முடியாது. ஆனாலும் அன்றைக்கு அண்ணியிடம் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம்.

அண்ணி சணல் நாரைப் பிளாஸ்டிக்கோடு சேர்த்து அழுத்திப் பலகை செய்கிறார். பள்ளிக்கூட நாற்காலிக்கு அது தாங்குமா என்று இழுத்துப் பார்த்துச் சொல்வது எங்கள் சோதனைக்கூடம். அங்கே மெஷின் ஓட்டுவது நான். பலகையிலிருந்து வெட்டிய ஐந்து பட்டைகளும் நாற்பது மெகாபாஸ்கல் இழுப்பைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் பள்ளிக்கூடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். அண்ணி இரண்டு வருஷமாகப் பட்ட பாடு விழலுக்கு இறைத்த நீர்தான்.

முதல் பட்டை இருபத்தெட்டில் முறிந்தது. இரண்டாவது முப்பதில்.

“நாரைக் காய வெச்சீங்களா இல்லையா? ஈரம் இருந்தா பிளாஸ்டிக் ஒட்டாதுன்னு எத்தனை தடவ சொல்றது? செவிடன் காதுல ஊதின சங்குதான்.”

“ஆறு மணி நேரம் காய வெச்சேன்,” என்றார் அண்ணி.

மூன்றாவதை மாட்டப் போகும்போதுதான் முறிந்த துண்டுகளை ஒழுங்காகப் பார்த்தேன். நடுவில் முறிய வேண்டியவை, இரண்டும் மெஷினின் பிடி கவ்விய விளிம்பிலேயே முறிந்திருந்தன. அந்த இடம் நசுங்கியிருந்தது. வாரம் முழுக்க இரும்பை இழுத்த கை இது. இரும்புக்குத் திருகுகிற மாதிரியே சணலுக்கும் பிடியைத் திருகித் தொலைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

“அண்ணி, தப்பு உங்க நாருல இல்ல. என் கையில.”

“உங்க வீட்டுல எல்லாருக்கும் கை அழுத்தம்தான். உங்க அண்ணன் மூடின பாட்டிலை இன்னும் என்னால திறக்க முடியல.”

நல்லவேளை, அண்ணி உபரியாக இரண்டு பட்டை வெட்டி வந்திருந்தார். பிடியைத் தளர்த்தி, இடையில் உப்புத்தாள் வைத்து மீதி ஐந்தையும் இழுத்தேன். எல்லாம் நடுவில்தான் முறிந்தன. இருப்பதிலேயே குறைந்தது நாற்பத்தாறு.

அறிக்கை எழுதும்போது அண்ணி எட்டிப் பார்த்தார். “மொத ரெண்டையும் எழுதணுமா? பிடியில உடைஞ்சா கணக்குல சேராதுன்னு நீதானே சொல்லுவ?”

“சேராதுதான். ஆனா காரணம் எழுதலைன்னா, நாளைக்கு அந்தத் துண்டைப் பாக்கறவங்க உங்க பலகையைத்தான் குத்தம் சொல்லுவாங்க. நானே சொன்னேனே.”

‘இயக்கியவர் பிடியை அளவுக்கு மீறி இறுக்கியதால் முறிந்தவை’ என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

அண்ணி அதை இரண்டு முறை வாசித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

“நீ கத்தினப்ப, நிஜமாவே ஆறு மணி நேரம் வெச்சோமான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு,” என்றார்.