கோவளத்தில் மத்தியானம், மாமல்லபுரத்தில் சாயங்காலம்

ஐஸ் பெட்டியின் பிளக்கைச் செருகிவிட்டு ஜெகதீஷ் நிமிர்வதற்குள் மரகதம் அத்தை பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள். கண்ணாடி வழியாகத் தம்பியின் முகத்தைப் பார்த்து ஒருமூச்சு அழுதாள். பிறகு மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சாவு வீட்டுக்கு வருகிற எல்லோரும் கேட்பதை அவளும் கேட்டாள்.

"கடைசியா இன்னாடா சாப்ட்டான் என் தம்பி?"

ஜெகதீஷ் பிளக்கை மறுபடி ஒரு தடவை அழுத்திவிட்டான். நைட் ஷிஃப்ட் முடித்துவந்து, தூங்காமல் நேற்றுப் பகல் முழுக்க அப்பாவோடு அலைந்தவன். விடியற்காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. இருந்த களைப்பில் அவனுக்கு ஒரு பொய்கூட வாயில் வரவில்லை.

"ரசஞ்சோறு, அண்ணி" என்றாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா. "ரெண்டு வாய் துன்னாரு."

அப்பா ராத்திரி எதையும் தொடவில்லை. பசிக்கவில்லை என்று படுத்தவர். அம்மா எதற்கு அப்படிச் சொன்னாள் என்று அவனுக்குப் புரியவில்லை.

நேற்று டயாலிசிஸ் நாள். அப்பா சுப்பராயலு மூன்று வருடமாக உப்பில்லாத சோற்றையும் அளந்து கொடுத்த தண்ணீரையும் சகித்துக்கொண்டிருந்தவர். ஒரகடம் கூட்ரோடு தாண்டியதும், "ஆஸ்பத்திரி வேணாம்டா. கடலோரமா குந்திகினு ஒரு நாளு மீனு துன்னணும்" என்றார். ஜெகதீஷ் ஒரு பேச்சுக்கு மறுத்துப் பார்த்துவிட்டு, கூட வேலை செய்பவனிடம் இரவல் வாங்கிய காரைத் திருப்பினான். கோவளத்தில் மத்தியானம், மாமல்லபுரத்தில் சாயங்காலம். மனுஷன் வெட்கப்படாமல் விரல் சூப்பினார். அம்மாவிடம் மூச்சுவிடக் கூடாது என்று இரண்டு பேருக்கும் ஒப்பந்தம். இப்போது அதில் ஒரு ஆள்தான் மிச்சம். நானே கொன்றுவிட்டேன் என்ற நினைப்பு காலையிலிருந்து அவன் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது.

குளிப்பாட்டத் தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு பின்பக்கம் போனான். அம்மா பின்னாலேயே வந்தாள்.

"அம்மா, நேத்து…"

"தெரியும். நீ படுக்கப் போனதும் சொல்ட்டாரு. அவரு வாய்ல எதுனா நிக்குமா."

"டயாலிசிஸ் போவலம்மா. நான் இட்டுகினு போயிருக்கணும்."

"போயிருந்தா இன்னும் கொஞ்ச நாளு இருந்திருப்பாரு. உப்பில்லாம." குடத்தின் வாயைக் குழாய்க்கு நேராகத் திருப்பிவைத்தாள். "அதுக்கில்ல. என்னியும் ஒரு வார்த்த கூப்ட்டிருக்கலாம்."

ஜெகதீஷ் குழாயை மூடிவிட்டு அவளைப் பார்த்தான்.

"வாசன புடிச்சி அவருக்கு ஆச வந்துடப் போவுதுன்னு மூணு வருசமா இந்த வூட்ல மீனே வாங்கல. நானுந்தான் துன்னல."

அவள் குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. அவள் எப்படித் திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான். நேற்று கடையில் நாலு பேர் உட்காருகிற மேசையில் அவனும் அப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இவள் நினைப்பு ஒரு தடவைகூட வரவில்லை.

அம்மா துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தாள்.

"செரி, சொல்லு. கோவளத்துல இன்னா வாங்குனீங்க?"

"சங்கரா வறுவல். அப்பறம் நண்டு."

"ஓடு ஒடச்சிக் குடுத்தியா? அவருக்கு வெரல்ல பெலம் இல்லியே."

"குடுத்தம்மா."

தண்ணீர் என்னவாயிற்று என்று உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுத்தாள். அம்மா எழுந்திருக்கவில்லை.

"அப்பறம்?" என்றாள்.