ரோசிலியைக் கொன்ற மனிதர்

ஜெர்மனியில், ஹனோவரில் எங்கள் குடியிருப்பின் நிலவறையில் துணி துவைக்கும் அறை இருக்கிறது. அங்கே நின்றபடி மார்த்தாண்டத்திலிருக்கும் அம்மாவிடம் வீடியோவில் மன்றாடிக்கொண்டிருந்தேன். இதயத்தில் வால்வு மாற்றியே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. அம்மா கமலநாயகி அசைந்தால்தானே!

"எழுபத்திரண்டு ஆச்சு, போதும் மக்ளே. நெஞ்சைக் கீறிட்டு நான் என்னத்தக் காணப்போறேன்?"

அப்போதுதான் மூன்றாம் மாடிப் பெரியவர், நர்ஸ் மகளின் வெள்ளை உடுப்புகளைக் கூடையில் சுமந்து வந்தார். கைதக்கடவில் தோமாச்சன். ஒரு காலத்தில் மூன்று மலையாள வார இதழ்களில் ஒரே நேரத்தில் காதல் தொடர்கதை எழுதியவர். மனைவி போனபின் பேனாவைத் தொடவில்லை என்று மகள் லிஸி சொல்லியிருந்தாள். அம்மா கேரள எல்லைக்காரி; பேச்சு தமிழ், வாசிப்பு மலையாளம். அவர் கதைக்காகவே வெள்ளிக்கிழமை தோறும் பேருந்து நிலையக் கடையில் காத்து நின்றவள். கொஞ்சம் மனம் மாறட்டுமே என்று போனை அவர் பக்கம் திருப்பினேன். வினையை விலை கொடுத்து வாங்கினேன்.

"சாரே, எதுக்காக்கும் கதையில அந்த ரோசிலியக் கொன்னீரு? வெறும் காய்ச்சல்தானே அவளுக்கு! நான் ரெண்டு நாளு சோறு திங்கல்ல."

நாற்பது வருடக் கோபம். பெரியவர் கூடையை இறக்கி வைத்தார்.

"தப்பு பற்றிப்போயி சேச்சி. புற்றுநோய் வேற கதையிலெ பெண்ணுக்கு, சாக வேண்டியது அவளாணு. அத்தியாயத்த பத்திரிகைக்குக் கொண்டுபோக பஸ் கண்டக்டர் வாசல்ல நிக்கறான். அவசரத்துல ஆள் மாறிப்போயி. பத்திரிகை நல்லா வித்துப்போச்சு, பத்திராதிபர் திருத்த விடல்ல."

"அப்ப அந்த நோய்க்காரி?"

"அவ கல்யாணம் கழிச்சு சுகமா இருக்கா."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பினூடே கண் நிறைந்துவிட்டது. "அப்ப ரோசிலி சாகாண்டாம்லா? மாத்தி எழுதும் சாரே."

அவர் என்னிடம் தாள் கேட்டு வாங்கிப்போனார். நான்கு நாள் எழுதினார். ஐந்தாம் நாள் லிஸியின் சமையலறையில் என் போன் முன்னால் உட்கார்ந்து வாசித்தார். மரணச் செய்தி பொய். வருடங்கள் கழித்து மழையில் நனைந்து ரோசிலி வருகிறாள், காதலன் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். அம்மாவின் முகம் திரையை நெருங்கி வந்தது. பெரியவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பொறவு?"

"பாக்கி, ஆபரேஷன் கழிஞ்சு."

"பாவி மனுசா!" என்று அம்மா கத்திய கத்தலில் ஊரே கூடியிருக்கும். வாரா வாரம் கதையைப் பாதியில் நிறுத்தி ஆளைத் தவிக்கவிட்டே பிழைத்த மனிதரல்லவா! சற்று நேரம் கழித்து, "ஏட்டி, டாக்டருகிட்ட தேதி கேளு" என்றாள்.

இன்று வியாழன். அம்மாவை ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோய் நான்கு மணி நேரமாகிறது. வீட்டில் இருப்புக்கொள்ளாமல் துணியோடு கீழே வந்தேன். கூடையில்லாமல், தேய்த்த சட்டையோடு பெரியவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரோசிலிக்குக் கதவு திறந்துச்சா?" என்று கேட்டேன்.

"அம்மைக்கு முன்னாடி மோள் வாசிக்கண்டா."

எந்திரம் சுற்றி நின்றது. துணியை எடுக்க எனக்குத் தோன்றவில்லை. எந்திரத்தின்மேல் போன் கிடந்தது. அவர் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.