ஜமேதார் வரதனின் முகம்

1

ராயபுரத்துக் காயலான் கடை ஒன்றில், ஓட்டை வாளிகளுக்கு நடுவே, கண்ணாடி விரிசல் விட்ட ஒரு படத்தைப் பார்த்தேன். பட்டாளத்து உடுப்பில் ஓர் ஆள். உடுப்பு வர்ணத்தில் வரைந்தது, முகம் போட்டோவில் எடுத்தது. கழுத்தில் இரண்டும் ஒட்டவே இல்லை. அவர் யாரென்று கடைக்காரருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிந்தவரைப் பற்றி எழுதினால் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் இவரை எழுதுகிறேன். பெயர், ஊர், சாவு எல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "கூரிய மூக்கும் முறுக்கு மீசையுமாக ஜமேதார் வரதன் பஸ்ராவில் கப்பலை விட்டு..."

வேண்டாம். அந்த மூக்கை நான் எங்கே பார்த்தேன்?

இரண்டாவது: "டைகிரிஸ் நதியின் மேல் குண்டுகள் சீறிப் பாய்ந்த அந்த..."

நதியும் நான் பார்த்ததில்லை. புளியந்தோப்பு தெரியும். அங்கேயே தொடங்குகிறேன்.

3

வரதன் புளியந்தோப்பில் பிறந்தான். சாப்பர்ஸ் பட்டாளத்தில் சேர்ந்து, பாலம் கட்டப் பழகி, ஜமேதார்* ஆனான். லீவில் வந்தபோது தெருமுனைக் கான்ஸ்டபிள் அவனுக்குச் சலாம் வைத்தார். முன்பு அவன் அப்பாவை லத்தியால் ஓரம் தள்ளிய அதே கான்ஸ்டபிள். தெரு அதை வெகுநாள் பேசியது.

(*சிப்பாய்க்கு மேலே, துரைக்குக் கீழே. நம்மவருக்கும் எட்டுகிற ஆபீசர் பதவி. அதற்கு மேல்படி சுபேதார்.)

"ஒரு போட்டோ எடுத்துக்கலாம்யா" என்றாள் அவன் பெண்டாட்டி வேம்பு.

"சுபேதார் ஆவட்டும்மே. அப்பால ரெண்டு பேருமா குந்தி எடுத்துக்கலாம்."

ஆகவில்லை. 1916இல் மெசபடோமியாவில், படகுகளைச் சேர்த்துக் கட்டி ஆற்றுக்குப் பாலம் போடும்போது சுடப்பட்டுச் செத்தான். உடல் வரவில்லை. சேதி வந்தது.

4

செத்தவருக்கு ஆடியில் படையல் போட வேண்டும். இலைக்கு எதிரே சுவரில் அவர் படம் இருக்க வேண்டும். ஜமேதாருக்குப் படமில்லையா என்று நாலு பேர் கேட்பார்கள் அல்லவா?

வேம்பு ராயபுரம் சௌக்கத் அலியிடம் போனாள். போட்டோவுக்கு வர்ணம் பூசுகிறவர். படமில்லாமல் செத்தவர்களுக்கு அவரிடம் ஒரு வழி இருந்தது: சாடையுள்ள ரத்த உறவு ஒருவரை உட்காரவைத்து எடுத்து, மேலே வேண்டியதை வர்ணத்தில் எழுதிக் கொடுப்பார். வரதனின் தம்பி ஜெயவேல் போய் உட்கார்ந்தான். கோட்டு, கல்யாணப் பேண்டுக்காரர் ஒருவரிடம் வாங்கிய இரவல். அதன் மேலேயே பட்டாளத்து உடுப்பை வர்ணத்தில் எழுதிவிட்டார்.

"அவருக்குக் கண்ணு இத்தவிட கொஞ்சம் சின்னது பாய்."

"பாத்துகினே இருந்தா பழகிடும்மா."

பழகிவிட்டது.

[இந்த இடத்தில் வேம்பு அழுதாள் என்று எழுதி அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. ஆணி எங்கே அடிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.]

5

1929. ஹார்பரில் மூட்டை அடுக்கு சரிந்து ஜெயவேலுக்குக் கால் முறிந்தது. அவன் பெண்டாட்டி அங்கம்மாவும் அதே வீட்டில்தான் இருந்தாள். அந்த ஆடியில், மாலையும் கையுமாக நின்ற வேம்புவை அவள் மறித்துக்கொண்டாள்.

"உசுரோட கீற ஆளுக்கு வருசா வருசம் மாலை போட்டு சூடம் காட்டிகினு கீறியேக்கா. கால் போனது பத்தலியா? ஆளையே தூக்கினு போவணுமா?"

"இது எம் புருசன், அங்கம்மா."

"மூஞ்சி யாருது?"

"உடும்மே, அண்ணி போடட்டும்" என்றான் கட்டிலில் கிடந்த ஜெயவேல். அவன் பேச்சை யார் கேட்டார்கள்?

அங்கம்மா கெட்டவள் இல்லை, பயந்தவள். குரலை இறக்கிக்கொண்டாள். "பாயாண்ட போயி மூஞ்சிய மாத்தி எழுதச் சொல்லலாம்க்கா. மாமா எப்டி இருந்தாருன்னு நீ சொன்னா அவரு எழுதித் தர மாட்டாரா?"

நியாயமான யோசனை. வேம்பு சொல்லத் தொடங்கினாள். அகல நெற்றி என்றாள். சப்பை மூக்கு என்றாள். மோவாயில் ஒரு குழி என்றாள். அங்கம்மா திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். வேம்புவும் பார்த்தாள். அகல நெற்றி, சப்பை மூக்கு, குழி எல்லாம் அங்கே படுத்திருந்தன.

அவள் நினைவில் வேறு முகமே இல்லை. சேதி வந்த அன்றுகூட வேம்புவுக்குப் புருஷன் இப்படிப் போகவில்லை. படத்தைத் தானே கழற்றி அங்கம்மாவிடம் கொடுத்தாள்.

6

முடிவுகள்.

ஒன்று: வரதன் கடைசியாகப் பட்டாளத்துக்குப் போனபோது அவள் பார்த்த முதுகையே சௌக்கத் அலி வரைந்து கொடுக்கிறார். எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. ஆனால் வேம்பு, "முதுகுக்கா சோறு போடுவாங்கோ?" என்பாள்.

இரண்டு: ஜெயவேல் நொண்டிக்கொண்டு வந்து, "எனக்கே போடு அண்ணி" என்று இலைமுன் உட்காருகிறான். அங்கம்மா அவன் இன்னொரு காலையும் உடைத்துவிடுவாள்.

மூன்று: வரதனின் நிஜ முகத்தை நானே எழுதிக் கொடுக்கிறேன். நாலு வரி போதும், வார்த்தைக்கா பஞ்சம்? எழுதினால் நான் இன்னொரு சௌக்கத் அலி.

இலை போட்டாகிவிட்டது. கருவாட்டுக் குழம்பு ஆறுகிறது. எதைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் வேம்பு நிற்கிறாள். எனக்கு இதைத் தாண்டிப் போகத் தெரியவில்லை, நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும். இவ்வளவு தூரம் படித்ததில் நீங்களும் வரதனுக்கு ஒரு முகம் வைத்திருப்பீர்கள். உங்கள் சித்தப்பாவோ, பஸ்ஸில் பார்த்த யாரோ. அதை வேம்புவிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

நம்பிவிடுவாள்.