ஸ்லைடில் இல்லாத அத்தியாயம்

"நாலாம் அத்தியாயத்தையே தூக்கிப்போட்டயா?"

"தூக்கலடி. தீசிஸ்ல இருக்குது. ஸ்லைடுலதான் இல்லை."

"மூணுல இருந்து நேரா அஞ்சா? உள்ள உக்காந்திருக்கறவங்களுக்கு எண்ணத் தெரியாதா?"

"கத்தாத நிலோ. பல்லடத்துல இருந்து ஒரு வேன் நெறைய ஆளு வந்திருக்குது. அத்தையெல்லாம் பட்டுச்சேலை கட்டிட்டு வந்திருக்காங்க. அவங்க முன்னாடி அதைய நான் என்னன்னு சொல்லுவேன்?"

"என்கிட்டச் சொன்னயில்ல, அப்படியே சொல்லு."

புவனா ஒரு துண்டுச்சீட்டை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள்.

அன்று அவளுடைய முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. தேர்வு என்று பெயர், பாதிக் கல்யாணம். யாரும் வந்து உட்காரலாம். வந்தவர்களுக்குச் சாப்பாடு உண்டு. அவள் அப்பா அரங்கசாமி நூறு இலைக்குச் சொல்லியிருந்தார்.

நான்கு வருடம், போத்தனூர் ஸ்டேஷன் பெஞ்சில், ரயில்களைத் தவறவிட்டபடி அவள் எழுதிய பக்கங்களை முதலில் படித்தவள் நான். ஓர் ஆண் இன்னோர் ஆண்மேல் கொண்ட ஆசையிலிருந்து அறிவு தொடங்குவதாகப் பழைய கிரேக்கர்கள் பேசியதைப் பற்றியது ஆய்வு. நாலாம் அத்தியாயத்தின் முதல் பத்தியிலேயே அவர்களிடம் அவள் சண்டைக்குப் போயிருந்தாள். பெண்மேல் ஆசைப்பட்ட பெண்ணுக்கு என்ன தெரிந்திருந்தது என்று ஏன் ஒருவரும் கேட்கவில்லை? தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பது ஓர் அதிகாரம் என்று எழுதியிருந்தாள். எழுதும்போது அவள் தலை என் தோளில் இருந்தது.

மேடையில் கிரேக்க ஆண்களைப் பற்றிச் சொல்ல அவளுக்குக் கூச்சமே இல்லை. அவர்கள் செத்து இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறது. மூன்றிலிருந்து ஐந்துக்குத் தாவினாள். பேராசிரியர்கள் தலையாட்டினார்கள். எங்கள் இரண்டு பேரையும் வேறு யாரும் அழிக்கவில்லை, அவளே அழித்தாள்.

"வந்தவங்க யாராச்சும் கேள்வி கேக்கலாமுங்க" என்றார் தேர்வாளர்.

இதற்கென்று சுலபமான கேள்வியை முன்கூட்டியே தோழிகளிடம் எழுதிக்கொடுப்பது எங்கள் கல்லூரி வழக்கம். அந்தச் சீட்டுத்தான் என் கையில் இருந்தது: 'இந்த ஆய்வின் சமூகப் பயன் என்ன?' புவனா என்னைப் பார்த்துப் புன்னகையோடு தலையசைத்தாள்.

சீட்டைக் கசக்கிக்கொண்டு எழுந்தேன்.

"மேடம், உங்க தீசிஸ்ல நூத்திப்பன்னெண்டாம் பக்கமுங்க. நாலாம் அத்தியாயத்தோட மொதப் பத்தி. அத்தைங்களுக்கும் கேக்கற மாதிரி, கொஞ்சம் சத்தமா வாசிச்சுக் காட்டுங்க."