பத்து வருடம் கழித்து

ஸ்வர்ணலதா டீச்சரின் வகுப்பில் கணக்குப் போடுவதெல்லாம் அப்புறம்தான்; முதலில் வாசிக்க வேண்டும். மட்டாஞ்சேரி பஜாருக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பள்ளியில், எட்டாம் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைகள். புத்தகமோ மலையாளத்தில். எண்களைக் கண்டதும் கூட்டிப் பெருக்கித் தள்ளிவிட்டு, கேள்வி என்ன என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். அதற்காக அவள் ஒரு தந்திரம் வைத்திருந்தாள். போர்டில் வேண்டுமென்றே ஒரு வரியைத் தப்பாக எழுதுவாள். கணக்கைத் திரும்ப வாசித்து அந்தத் தெற்றை முதலில் பிடிக்கிறவருக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய். பெரும்பாலும் லமியாதான் பிடிப்பாள். வரி முடியுமுன்பே டெஸ்கில் தட்டிவிடும் அவசரக்குடுக்கை அவள்.

ஜூலை மழையில் தோப்பும்படிப் பாலத்தில் டீச்சரின் மகன் நிகிலின் பைக் சறுக்கியது. ஆஸ்பத்திரி போகுமுன்பே உயிர் போய்விட்டது. பத்தொன்பது வயது, ஒரே பிள்ளை. அதற்குப்பின் டீச்சர் இன்றைக்குத்தான் பள்ளிக்கு வருகிறாள். இந்த ஒரு பீரியடை அழாமல் எடுத்துவிட்டால் நாளைக்கும் வரலாம். முடியாவிட்டால் வேலையை விட்டுவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் புறப்பட்டாள்.

"விட்ட இடத்துலேர்ந்து வாசி, லமியா. ஆறாவது கணக்கு."

லமியா எழுந்து புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள்.

"ஏழாவது வாசிக்கட்டா டீச்சர்? ஆறாவது எளுப்பம்."

"எளுப்பமோ கஷ்டமோ, ஒண்ணையும் விடப்படாதுன்னு சொல்லியிருக்கேனோல்லியோ. வாசி."

லமியா கேட்டும் கேட்காத குரலில் வாசித்தாள். ஒரு தாயின் வயது மகனின் வயதைப்போல் மூன்று மடங்கு. பத்து வருடம் கழித்து, தாயின் வயது மகனின் வயதைப்போல் இரண்டு மடங்காகும். இப்போது மகனின் வயது என்ன?

பாழாய்ப்போன புத்தகம் அவளை வரவேற்க இந்தக் கணக்கைத்தானா வைத்திருக்க வேண்டும்! ஸ்வர்ணலதா பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விறுவிறுவென்று எழுதினாள். இப்போது மகன் x, தாய் 3x. பத்து வருடம் கழித்துத் தாய் 3x + 10, மகன் x. அப்படியானால் 3x + 10 = 2x. கடைசி வரியில் x = −10 என்று வந்து நின்றது.

மகனின் வயது மைனஸ் பத்து.

இன்றைக்கு அவள் எதையும் வேண்டுமென்று தப்பாக எழுதவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலவே கணக்கைத் திரும்ப வாசித்தாள். போர்டில் ஒவ்வொரு வரியாக மேலே போனாள். தாய்க்குப் பத்து வருடம் கூட்டியிருந்தாள். மகனுக்குக் கூட்டவே இல்லை.

திரும்பினாள். அத்தனை தலைகளும் நோட்டில் கவிழ்ந்திருந்தன. மைனஸ் பத்தை எல்லாரும் அப்படியே எழுதிக்கொண்டிருந்தார்கள். லமியா தன் கைகளை டெஸ்குக்கு அடியில் வைத்திருந்தாள்.

"ஏண்டி, இவ்வளவு பெரிய தெற்று. நீ பார்க்கலையா?"

லமியா எழுந்தாள். "வாசிச்சேன் டீச்சர். ரெண்டு தடவை வாசிச்சேன். தெற்று ஒண்ணுமில்லை டீச்சர்."

ஸ்வர்ணலதா நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து கட்டிவைத்திருந்த அழுகை அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் உடைந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள். போர்டில் மகனின் x பக்கத்தில் + 10 என்று சேர்த்தாள். கீழே இருந்ததை அழித்துவிட்டு மறுபடி போட்டாள். மகனுக்கு இப்போது பத்து வயது. பத்து வருடம் கழித்து இருபது. இருந்திருந்தால் நிகிலுக்கு இந்த டிசம்பரில் இருபது.

"பரீட்சையில இப்படித்தான் எழுதணும். திருத்திக்கோங்கோ."

பிள்ளைகள் ரப்பரைத் தேடி எடுத்தார்கள். மணி அடித்ததும் லமியா மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாளைக்கு வருவீங்களா டீச்சர்?"

"ஏழாவது கணக்கு பாக்கியிருக்கே, மோளே" என்றாள் ஸ்வர்ணலதா. அழுகை இன்னும் நிற்கவில்லை.