எட்டாம் நம்பர் பிளக்

1

ஆயிரத்து நாற்பது வெள்ளி அறுபது காசு. இன்றைய தேதிக்கு நான் என் முதலாளி சுகுமாறனுக்குத் தர வேண்டிய பாக்கி இது. மொத்தக் கடன் இரண்டாயிரத்து எழுநூற்று நாற்பது வெள்ளி அறுபது காசு. மாதம் நூறு வெள்ளியாகப் பதினேழு மாதம் சம்பளத்தில் பிடித்தாகிவிட்டது. அது போக மீதி.

கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடனிலிருந்து வந்தது. எங்கள் ஊர் கூலாயில், கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை சாயந்திரம் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடக்கிறது. எனக்கு வயது ஐம்பத்து மூன்று, கார் பட்டறையில் வேலை, வகுப்பில் ஒன்றரை வருடமாக மாணவன். வகுப்பை நடத்தும் சங்கத்தின் ஆண்டு மலருக்கு வகுப்பிலிருந்து ஒரு கதை வேண்டும் என்றார் வாசுகி டீச்சர். (என்னைவிட இருபது வயது இளையவர். என்னை அண்ணே என்பார்.) "மனசுல எது நிக்குதோ அத எழுதுங்க அண்ணே" என்றார்.

என் மனதில் நிற்பது இந்தத் தொகையும் நான்கு ஸ்பார்க் பிளக்கும்தான். வேறு நல்லதாக ஏதாவது இருந்தால் எழுதமாட்டேனா?

2

தொடக்கங்கள்.

ஒன்று: கிழக்கு வெளுத்தது. செம்பனை மரங்களுக்கு மேலே சூரியன் மெல்ல

நிறுத்திவிட்டேன். அந்த நேரத்தில் நான் ஏதாவது ஒரு காருக்கு அடியில் படுத்திருப்பேன். சூரியன் எழுவதை வேடிக்கை பார்க்க எனக்கு எப்போது நேரம் கிடைத்தது?

இரண்டு: ஓர் ஊரில் ஓர் உழைப்பாளி இருந்தான். அவன் மிகவும் நல்லவன்.

யார் சொன்னது?

மூன்று: என்னை ஏமாற்றிவிட்டார்கள்.

இதை எழுதியபோது கை தடங்கலே இல்லாமல் ஓடியது. ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக வந்ததாலேயே சந்தேகப்பட்டு அடித்துவிட்டேன்.

அப்புறம்தான் தொகையை எழுதினேன். டீச்சர் படித்துப் பார்த்தார்.

"தொடக்கம் நல்லாருக்கு அண்ணே. ஆனா பிளக்கு பத்தி ரெண்டு வரி போதும்லா. மலரைப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேரு ஆசிரியருங்க."

"அவங்க கார் ஓட்டுறதில்லயா டீச்சர்?"

"ஓட்டுறோம். பானெட்டைத் திறக்கிறதில்ல."

"அப்ப இந்தக் கதையிலயாச்சும் தொறந்து பாக்கட்டும்."

ஆகவே அடுத்த பகுதி முழுக்கப் பிளக். பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் தாண்டிப் போனால் நான் ஏன் கோபமாக இருக்கிறேன் என்பது புரியாது.

3

பிளக் ஒரு விரல் நீளம் இருக்கும். என்ஜினுக்குள் நுனியை நீட்டிக்கொண்டு நிற்கும். பெட்ரோலும் காற்றும் கலந்து வந்ததும் ஒரு பொறி விடும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை. மற்ற நேரம் எல்லாம் அது அந்த நெருப்புக்குள்ளேயே நின்று சூட்டைத் தாங்க வேண்டும், தாங்கிய சூட்டை வெளியே கடத்த வேண்டும்.

சாதாரணக் காருக்குச் சாதாரணப் பிளக் போதும். டர்போ என்பது காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் சாமான். காற்று கூடினால் பெட்ரோல் கூடும், நெருப்பு கூடும். அதற்கு மேல் டியூன் பண்ணி அழுத்தத்தை இன்னும் ஏற்றினால், சூட்டை வேகமாகக் கடத்தும் பிளக் வேண்டும். அதை நாங்கள் குளிர் பிளக் என்போம். சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது சூட்டுப் பிளக். டர்போ காருக்குச் சூட்டுப் பிளக் போட்டால் அதன் நுனி கனன்று சிவந்துவிடும். பொறி விடும் நேரத்துக்கு முன்பே பெட்ரோல் பற்றும். மேலே ஏறி வரும் பிஸ்டன் அந்த நெருப்பில் மோதும். கொஞ்ச நேரத்தில் பிஸ்டனில் ஓட்டை.

இடைவெளியும் முக்கியம். பொறி தாண்டும் அந்தச் சந்து அகலமாக இருந்தால் டர்போ காற்று பொறியை ஊதி அணைத்துவிடும். நான் முக்கால் மில்லிமீட்டருக்கும் கீழேதான் வைப்பேன்.*

* போலிப் பிளக்கும் நிறைய வருகிறது. பெட்டி அச்சு அசலாக இருக்கும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் உள்ள எழுத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உதிர்ந்தால் கடைக்காரனிடமே திருப்பிக் கொடுங்கள்.

4

இனி நடந்தது.

நவ்சாத் உலு திராமில் தன் வீட்டாரின் சாப்பாட்டுக் கடையைப் பார்த்துக்கொள்பவன். பழைய வீரா காரில் டர்போ என்ஜின் இறக்கி, அழுத்தத்தை ஏற்றி வைத்திருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை பட்டறைக்கு வந்தான். மறுநாள் கூட்டாளிகளோடு மெர்சிங் கடற்கரைக்குப் போக வேண்டும்.

"அண்ணே, பூஸ்ட் ஏத்துனதுலருந்து மிதிச்சா உள்ள ஏதோ தட்டுது."

பிளக்கைக் கழற்றினேன். பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டிய நுனி சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"ஆறாம் நம்பர் போட்டுருக்கீங்க தம்பி. இந்த அழுத்தத்துக்குப் பத்தாது. எட்டு போடணும்."

எழுத்து தெரியாத காலத்திலும் எனக்கு எண் தெரியும். இருபத்தாறு வருடமாக எங்கள் பட்டறையில் ஒரே ஜப்பான் கம்பெனிப் பிளக்தான். ஆறு சாதாக் காருக்கு, ஏழு டர்போவுக்கு, எட்டு முறுக்கி ஏற்றிய டர்போவுக்கு. எண் ஏறினால் குளிர்ச்சி ஏறும். அது ஒன்றை வைத்தே நான் பிழைத்தேன்.

அன்று அந்தச் சரக்கு தீர்ந்திருந்தது. சுகுமாறன் வேறொரு பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். ஜெர்மன் கம்பெனி, விலை குறைவு.

"பாஸ், பெட்டி வேறயா இருக்கே. என்ன எழுதிருக்கு?"

"நம்பரப் பாரு ராஜு. எட்டு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"அப்புறம் என்ன? எழுத்தப் படிச்சு நீ என்ன சோதனையா எழுதப் போற?"

நவ்சாத் சிரித்தான். நானும் சிரித்தேன். (இந்த வரியை மூன்று தடவை எடுத்துவிட்டு மூன்று தடவையும் திரும்பப் போட்டேன். நானும் சிரித்தேன்.)

இடைவெளியை அளந்தேன், முறுக்கினேன், அனுப்பினேன். மறுநாள் ஜெமாலுவாங் தாண்டியதும் கார் புகை கக்கி நின்றது. பிஸ்டனில் ஓட்டை. அந்த ஜெர்மன் கம்பெனியின் எண்கள் தலைகீழ் என்பது வெகு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அங்கே எண் ஏறினால் சூடு ஏறும். நான் போட்டது, கழற்றியதைவிடச் சூடான பிளக்.

திங்கட்கிழமை சுகுமாறன் ஒரு தாளை நீட்டினார். பிஸ்டன், கேஸ்கெட், இழுவை லாரி, எல்லாம் கூட்டி முதலில் சொன்ன அந்த மொத்தக் கடன் தொகை. மலாயில் எழுதியிருந்தது. காட்டிய இடத்தில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு சுழி போட்டேன். அந்தச் சனிக்கிழமை எழுத்து வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

5

சுகுமாறன் என்ற பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

அவரைக் கெட்டவராக எழுதினால் கதை சீக்கிரம் முடியும். ஒரு முழுப் பக்கம் அப்படி எழுதியும் பார்த்தேன். தங்க மோதிரம் போட்டுவிட்டேன், தொப்பை வைத்தேன், கண்ணைச் சின்னதாக்கினேன். அசல் சுகுமாறன் ஒல்லி. ஜாக் சரிந்து என் கால் எலும்பு உடைந்தபோது ஆறு வாரம் சம்பளத்தை நிறுத்தாமல் கொடுத்தவர். ஆஸ்பத்திரிக்குத் தினமும் சாப்பிட மீகூன் பொட்டலம் கொண்டுவந்தவர். அவர் ஏமாற்ற வேண்டும் என்று அந்தத் தாளை எழுதவில்லை. தப்பு முழுவதும் என்னுடையது என்று நம்பித்தான் எழுதினார்.

அதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது. ஏமாற்றியிருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன்.

தங்கராஜு என்ற பாத்திரமும், அதாவது நானும், அப்படி ஒன்றும் சுத்தம் இல்லை. "பெட்டி வேற" என்று தெரிந்தும் போட்டான். சிரித்துக்கொண்டே போட்டான்.

6

(எழுத்து வந்த பிறகு நடந்தது. டீச்சர் இந்தப் பகுதியைத் தொடவே கூடாது.)

தமிழ் எழுத்துக்குப் பின்னால் ஏபிசியும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஜனவரியில் தன் மேசைக்கு மேலே இருந்த பழைய காலண்டரைக் கழற்றச் சொன்னார் சுகுமாறன். கழற்றினேன். அதன் பின்னால் ஒரு அட்டை. பிளக் சரக்குக்காரன் எப்போதோ கொடுத்தது. கம்பெனி வாரியாக எண்கள். ஜப்பான் வரிசையில் எண் மேலிருந்து கீழே ஏறியது. ஜெர்மன் வரிசையில் இறங்கியது. அட்டையின் மேல் முனையில் ஒரு மலாய்ச் சொல், கீழ் முனையில் ஒரு சொல். எழுத்துக் கூட்டினேன். மேலே பானாஸ், சூடு. கீழே செஜுக், குளிர். ஏணியில் நின்றபடியே அதை நாலைந்து தடவை படித்தேன். புதுக் காலண்டரைப் பக்கத்து ஆணியில் மாட்டினேன்.

போன வியாழக்கிழமை நவ்சாத் வந்தான். என்ஜினை மறுபடி முறுக்கி ஏற்றியிருந்தான். மறுபடி மெர்சிங்.

"இந்தத் தடவ பிளக்க நான் எடுத்துத் தரேன்" என்றார் சுகுமாறன். "நீ திருகுனா போதும்." அதே ஜெர்மன் பெட்டி. "எட்டு ஆகாதுன்னு பாத்தாச்சு. ஏழு போடுவோம். நடுவாந்தரம்."

ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"இத நான் போடமாட்டேன் பாஸ்."

"என்னது?"

"இந்த ஏழு, ஜப்பான்காரனோட ஆறு. அன்னிக்கு வெளுத்துப்போயிருந்துச்சே, அதே சூடு. திரும்பவும் ஓட்ட விழும். திரும்பவும் என் சம்பளத்துல பிடிப்பீங்க."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"சொவரு சொல்லுச்சு." அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகச் சத்தமாகப் படித்தேன். மெதுவாகத்தான் படித்தேன்.

நவ்சாத் எட்டிப் பார்த்தான். "அலமாக். இத்தன வருசமா இங்கயே தொங்குச்சா பாஸ்?"

"சரக்குக்காரன் குடுத்தான், மாட்டுனேன்" என்றார் சுகுமாறன். "அதெல்லாம் யாருலா படிக்கிறா?"

"படிக்கத் தெரிஞ்சவங்க படிச்சிருக்கலாம்" என்றேன்.

பட்டறையில் இருபத்தாறு வருடத்தில் நான் சொன்ன மிக நீளமான பதில் அது இல்லை. ஆனால் அதைக் கேட்டதும் அவர் ஜெர்மன் பெட்டியை மூடித் தள்ளி வைத்தார்.

பிளக்கை நானே தேர்ந்தெடுத்தேன். நவ்சாத்திடம் எதிர்க் கடையிலிருந்து ஜப்பான் எட்டு வாங்கிவரச் சொன்னேன். பீங்கானைச் சுரண்டிப் பார்த்தேன், இடைவெளியை அளந்தேன், ஒவ்வொன்றாகத் திருகினேன். நவ்சாத்தோடு நெடுஞ்சாலையில் செனாய் வரை மிதித்துப் போய், ஓரம் கட்டி, என்ஜின் ஆறும்வரை உட்கார்ந்திருந்து, பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். பிஸ்கட் நிறம். மினுமினுக்கும் பொடி ஒன்றுகூட ஒட்டியிருக்கவில்லை. அப்படிப் பொடி இருந்தால் பிஸ்டன் கரைகிறது என்று அர்த்தம்.

"இப்ப மெர்சிங் போகலாம் தம்பி."

"நீங்களும் வாங்கண்ணே."

"எனக்கு வேலை இருக்கு."

7

முடிவுகள்.

முதல் முடிவு: சுகுமாறன் கண் கலங்கி, என் கையைப் பிடித்து, கடனைத் தள்ளுபடி செய்கிறார். டீச்சருக்கு இது பிடித்தது. எனக்குப் பிடிக்கவில்லை. தள்ளுபடி என்றால் கடன் நியாயமானது, மனம் இரங்கி விட்டுவிட்டார் என்று ஆகிவிடும்.

இரண்டாம் முடிவு: வேலையை உதறிவிட்டு நான் சிங்கப்பூர் போகிறேன், அங்கே ஒரு பெரிய பட்டறையில்

பொய். பாலம் தாண்டும் வயதும் போய்விட்டது, கால் எலும்பும் சரியில்லை.

மூன்றாவதை நான் எழுதவில்லை, செய்தேன். நேற்றுச் சாயந்திரம் கோப்பிலிருந்து அந்தக் கடன் தாளைக் கேட்டு வாங்கினேன். முதன்முதலாக முழுவதும் படித்தேன். மலாய் எனக்குப் பேசத் தெரியும். இப்போது படிக்கவும் தெரியும். 'முழுவதும் என் சொந்தத் தவறினால்' என்று இருந்தது. முழுவதும் என்ற சொல்லின் மேல் கோடு போட்டேன். கீழே தமிழில் எழுதினேன். தேதி போட்டேன். சுழி போடவில்லை, பெயரை முழுதாக எழுதினேன்.

"என்ன எழுதுன?" என்றார் சுகுமாறன். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும், ஆனால் கண்ணாடி கையில் இல்லை. நானே படித்துக் காட்டினேன்.

"பெட்டி வேறு என்று தெரிந்தும் போட்டது என் தப்பு. அதற்கு ஆயிரத்து எழுநூறு வெள்ளி கட்டிவிட்டேன். படிக்காமல் எடுத்துத் தந்தது உங்கள் தப்பு. மீதி உங்களுடையது."

அவர் என்ன சொன்னார், தாளைக் கிழித்தாரா, மடித்துப் பைக்குள் வைத்தாரா, மாதக் கடைசியில் என் சம்பளத்தில் நூறு வெள்ளி குறையுமா என்று டீச்சர் கேட்டார். நீங்களும் கேட்பீர்கள். அதை நான் எழுதப்போவதில்லை. உங்களுக்கு எந்தச் சுகுமாறன் வேண்டுமோ அவரையே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவருடைய பதில் தேவைப்படவில்லை.

ஆயிரத்து நாற்பது வெள்ளி அறுபது காசு. அடித்தாயிற்று.