மற்றவை மாறாதிருப்பின்

ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் 'மற்றவை மாறாதிருப்பின்' என்று ஆவுடை எழுதி முடித்ததும் அவள் கணவன் கொம்பையா வாசற்படியில் நின்றுவிட்டான். பொருளியலில் இது நடப்பதுதான்.

ஒரு கால் வீட்டுக்குள் இருந்தது. மற்றது தெருப்பக்கம் அந்தரத்தில் இருந்தது. கையில் பை. முகம் மட்டும் வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. வாய் 'போ' என்ற எழுத்தில் திறந்து அப்படியே நின்றது.

ஆவுடையின் ஆய்வு சின்ன வெங்காயத்தைப் பற்றியது. விலை மாறினால் தேவை எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்வரை குடும்பத்தின் வருமானம், சுவை, பிற பொருட்களின் விலை, குடும்பத்தின் அளவு ஆகிய நான்கும் மாறக் கூடாது. மற்ற ஊர்களில் இதை எழுதிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். இந்தப் பல்கலைக்கழகத்தில் எழுதினால் எழுதியதுதான்.

எனவே வருமானம் மாறவில்லை. அவளுடைய உதவித்தொகை அதற்கு முன்பும் மாறியதில்லை என்பதால் அது பெரிதாகத் தெரியவில்லை. சுவை மாறவில்லை. எந்தப் புளியைக் கரைத்தாலும் அன்று வைத்த குழம்பாகவே வந்தது. தக்காளி விலை அசையவில்லை. தெருப் பெண்கள் அவளைக் கண்டால் நின்று கும்பிட்டார்கள். குடும்பத்தின் அளவு இரண்டு. கொம்பையா வெளியேறினால் ஒன்றாகிவிடும். ஆகவே நின்றுவிட்டான்.

அன்று காலையில் இருவருக்கும் சண்டை. "நீ வெங்காயத்தோடயே குடும்பம் நடத்து" என்று சொல்லிவிட்டுத்தான் அவன் பையை எடுத்தான். அவள் கோபத்தில் மேஜைக்குத் திரும்பி அந்த வரியை எழுதினாள். முற்றுப்புள்ளி வைத்தபோது வாசலில் "போ" என்று கேட்டது. அதற்கு மேல் கேட்கவில்லை.

நம் ஊரில் வெளியே கிளம்புகிறவன் 'போறேன்' என்று சொல்ல மாட்டான். பல் விளக்கப் போகிறவன்கூட 'போயிட்டு வாரேன்' என்பான். 'போறேன்' என்று ஒருவன் சொன்னால் அவன் போயேவிட்டான் என்று பொருள். கொம்பையா சொல்லவந்தது எது? இரண்டுக்கும் முதலெழுத்து ஒன்றாகத்தான் இருக்கிறது. ஆவுடைக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. அவளுக்கு அவன்மேல் ஆசை இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை.

"சமர்ப்பிச்சுட்டா தெரிஞ்சிரும்மா" என்றார் அவளுடைய நெறியாளர் பேராசிரியர் பலவேசம். "ஆய்வேடு முடிஞ்சா அந்த வரியும் முடியும். அவரு மிச்சத்தைச் சொல்லிருவாரு."

"போறேன்னு சொல்லிட்டார்னா?"

"அதுவும் ஒரு முடிவுதான். எதிர்மறை முடிவுன்னு எழுதிக்கலாம்."

ஆவுடை சமர்ப்பிக்கவில்லை. நீட்டிப்புக் கேட்டாள். நீட்டிப்புக் கிடைத்தது. மறுநாள் போய்ப் பார்த்தால் துறையின் தாழ்வாரம் நீண்டிருந்தது. மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்த பலவேசத்தின் அறை ஒரு கூப்பிடு தூரம் தள்ளிப் போயிருந்தது. அவர் அங்கிருந்து கையசைத்தார்.

கல்லானாலும் கணவன் என்று சொல்லிவைத்தவர்கள் வாசற்படியில் நிற்கும் கல்லுக்கு வழி சொல்லவில்லை. அவள் பக்கவாட்டில் நுழைந்து போய்வரப் பழகிக்கொண்டாள். தினமும் அவன் முகத்தைத் துடைத்தாள். மழைக்காலத்தில் தெருப்பக்கக் காலுக்குப் பாலித்தீன் உறை கட்டினாள். முக்குக் கடை அண்ணாச்சியிடம் எப்போதும்போல அரைக்கிலோ வெங்காயம் வாங்கினாள். அரைக்கிலோ என்பது அந்த வீட்டில் இரண்டு பேருக்கான கணக்கு.

செய்தி பரவியதும் மற்ற துறைகள் வந்தன. பல்துறை ஆய்வு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

முதலில் இயற்பியல் பேராசிரியை ஜெபக்கனி கருவிகளோடு வந்தார். கொம்பையாவைச் சுற்றிச்சுற்றி வந்து பார்த்தார்.

"இவரைப் புள்ளின்னு வச்சுக்கிடுதோம்" என்றார்.

"பையையும் சேர்த்தா மேடம்?"

"பையை விட்டுட்டோம். கணக்கு அசிங்கமாயிரும்."

"எந்தப் பக்கம் போறார்னு தெரியுதா?"

"எங்க நிக்காருன்னு துல்லியமாத் தெரியுது. எங்க போறார்னு கேட்டீங்கன்னா, எங்க நிக்காருங்கறதே தெரியாமப் போயிரும். எது வேணும்?"

ஆவுடை யோசித்தாள். நிற்கிற இடமாவது தெரியட்டும் என்று சொன்னாள். ஜெபக்கனி அதைக் குறித்துக்கொண்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

பொறியியல் துறையிலிருந்து மைதீன் வந்தார். வாசல் நிலையைத் தட்டிப் பார்த்தார். அந்தரத்தில் நின்ற காலுக்குக் கீழே தேக்கில் ஒரு முட்டுக் கொடுத்தார். அழகான முட்டு.

"எந்தப் பக்கம் சாய்ஞ்சாலும் மூணு மடங்கு தாங்கும்மா" என்றார்.

"சாய்வாரா?"

"அது எங்க பாடத்திட்டத்துல இல்ல."

அந்த முட்டைப் பற்றி அவர் வெளிநாட்டு மாநாட்டில் கட்டுரை வாசித்தார். படத்தில் முட்டு மட்டும் இருந்தது.

சமூகவியல்காரர்கள் கும்பலாக வந்தார்கள். கொம்பையாவிடமே கேள்விகளைக் கேட்டார்கள். 'நான் என் குடும்பத்தில் மதிக்கப்படுகிறேன். முழுமையாக உடன்படுகிறேன், உடன்படுகிறேன், கருத்தில்லை, மறுக்கிறேன், முழுமையாக மறுக்கிறேன்.' கொம்பையாவின் வாய் 'போ' என்றே இருந்தது. கருத்தில்லை என்று குறித்தார்கள். பிறகு தெருவில் வீடுவீடாக ஏறினார்கள். பெரும்பாலோர் அது 'போறேன்' என்றார்கள். சிலர் 'போயிட்டு வாரேன்' என்றார்கள். கடைசி வீட்டுக்காரர் மட்டும் அது 'போடி'தான் என்று அடித்துச் சொன்னார். அவருக்கும் அவர் மனைவிக்கும் அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

இத்தனை பேர் வந்துபோன பிறகும் ஆவுடைக்குத் தெரிந்தது பழையபடி ஒரே எழுத்துதான். ஊரே ஆராய்ந்தது. அவள் ஒருத்திதான் பயந்தாள்.

அவள் மறுபடியும் நீட்டிப்புக் கேட்டாள். தாழ்வாரம் மறுபடியும் நீண்டது. நெறியாளரைப் பார்க்கக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. வழியில் மற்ற ஆய்வு மாணவர்கள் பாய் விரித்துத் தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவனுக்கு அங்கேயே கல்யாணம் ஆயிற்று. ஆவுடை மொய் எழுதிவிட்டு மேலே நடந்தாள்.

வெங்காய விலை ஏறியது. மழை பொய்த்த வருடம் தாறுமாறாக ஏறியது. அவள் அரைக்கிலோ வாங்கினாள். விளைச்சல் கொட்டிய வருடம் விலை தரையைத் தொட்டது. அப்போதும் அரைக்கிலோதான். பாதி வெங்காயம் முளைவிட்டது. கொம்பையாவின் பங்கு அது. அதை அவள் சமைக்கவில்லை, கொட்டவும் மனம் வரவில்லை.

வயது மட்டும் அந்த நான்கில் சேரவில்லை. எழுதும்போது அவளுக்கு அது தோன்றவில்லை. கொம்பையா அன்று காலை சவரம் செய்த முகத்தோடு நின்றான். ஆவுடைக்குக் காதோரம் நரைத்தது. கண்ணாடி போட்டாள். முழங்கால் வலித்தது. அவன் முகத்தைத் துடைக்கும்போது தன் கையைப் பார்க்காமல் துடைத்தாள்.

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒரு நாள் தண்ணீர் வாங்க வந்தாள். வாசலில் கொம்பையாவைப் பார்த்து மரியாதையாக ஒதுங்கி நின்றாள்.

"உங்க மகனாம்மா?" என்று கேட்டாள். "வேலைக்குக் கெளம்புதாரா?"

ஆவுடை குடத்தை நிரப்பிக் கொடுத்தாள். கதவைச் சாத்த முடியாத வீடு என்பதால் அடுப்படிக்குப் போய் அழுதாள். அழுகை முடிந்ததும் கணினியைத் திறந்து முடிவுரையைத் தட்டச்சினாள்.

மறுநாள் தாழ்வாரத்தில் நடந்தாள். பலவேசத்தின் அறை இப்போது தாமிரபரணிக் கரையில் இருந்தது. அவருக்குக் காது மந்தமாகியிருந்தது.

"இன்னும் ஒரு நீட்டிப்புன்னா ஆத்துக்குள்ள போயிரும்மா" என்றார் கெஞ்சலாக. "எனக்கு நீச்சல் தெரியாது."

"சமர்ப்பிக்க வந்தேன் சார்."

அவர் எழுந்து நின்று அவள் தலையில் கைவைத்தார். கண் கலங்கியிருந்தது. ஓய்வு பெற அவளுக்காகத்தான் காத்திருந்தாராம்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். குள்ளமான மனிதர். ஆய்வேட்டை முழுக்கப் படித்திருந்தார். அது யாருக்கும் பழக்கமில்லாததால் அரங்கில் சலசலப்பு உண்டானது.

"விலை ஏறினப்போ எவ்வளவு வாங்கினீங்க?"

"அரைக்கிலோ சார்."

"இறங்கினப்போ?"

"அரைக்கிலோ."

"அப்போ முற்றிலும் நெகிழ்ச்சியற்ற தேவைன்னு சொல்றீங்க. பாடப்புத்தகத்துல அது உப்புக்குத்தான் வரும். வெங்காயத்துக்கு எப்படிம்மா வந்துச்சு?"

"ரெண்டு பேருக்கு வாங்கினேன் சார்."

"ரெண்டாவது ஆள் சாப்பிடறாரா?"

"இல்ல."

"சாப்பிடாத ஆளுக்கு, என்ன விலை வித்தாலும், இத்தனை வருஷம்..." தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "இது தேவையா?"

அவர் பொருளியலில் கேட்கிறாரா, பொதுவாகக் கேட்கிறாரா என்று ஆவுடைக்கு விளங்கவில்லை. இரண்டுக்கும் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"ஆமா சார்" என்றாள். "தேவைதான்."

தேர்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு கையெழுத்துப் போட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். ஜெபக்கனி எழுந்து நின்று தட்டினார். கேசரியும் மிக்சரும் வந்தன. ஆவுடை கேசரித் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினாள். தாழ்வாரம் சுருங்கிப் பழைய அளவுக்கு வந்திருந்தது. பாய் விரித்திருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் கிடந்தார்கள்.

அவள் தெருவுக்குள் நுழைந்தபோது கொம்பையாவின் கால் இறங்கிக்கொண்டிருந்தது. தேக்கு முட்டு உருண்டு சாக்கடையில் விழுந்தது. கால் தெருவில் ஊன்றியது. அவன் திரும்பி இருந்தது வீட்டைப் பார்த்து. வீட்டுக்குள் யாரும் இல்லை. பிறகு தெருவைப் பார்த்தான். அங்கே அவள் நின்றாள்.

'போ' என்று அவன் தொடங்கியது கருகருவென்ற தலைமுடி வைத்த ஆவுடையிடம். அதை முடிக்க இவளிடம் வரவேண்டியிருந்தது. அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். முகத்தில் கோபம் இன்னும் ஆறவில்லை. அவனுக்கு அது அன்று காலைக் கோபம்தான்.

"றேன்" என்றான்.

அதற்கு 'போயிட்டு வாங்க' என்று சொல்வதுதான் வழக்கம். பகையாளிக்கும் அப்படித்தான் சொல்வார்கள். ஆவுடையின் நாக்கு நுனிவரை அது வந்தது.

"சரிங்க" என்றாள்.

கொம்பையா பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தான். பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பதால் அவள் கூப்பிடவில்லை. தெருமுனையில் அவன் திரும்பினான், மறைந்தான். அவளுக்கு நெஞ்சு வலிக்க வலிக்க அழுகை வந்தது. நடுத்தெருவில் நின்று அழுதாள். எதிர்வீட்டுப் பெண் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடித்ததும் ஆவுடைக்குப் பசித்தது. நல்ல பசி. என்னென்னவோ சாப்பிட வேண்டும்போல இருந்தது.

முக்குக் கடையில் புதுச் சரக்கு வந்து இறங்கியிருந்தது. அண்ணாச்சி அவளைக் கண்டதும் வழக்கம்போல அரைக்கிலோ படிக்கல்லை எடுத்துத் தராசில் வைத்தார்.

"கால் கிலோ போதும் அண்ணாச்சி."

அண்ணாச்சி கல்லைப் பிடித்தபடியே நின்றார். "என்னம்மா இது. வெல பாதியாக் கொறைஞ்சிருக்கு. இன்னைக்குப் போய் கொறைச்சு வாங்குதிய?"

"மத்ததெல்லாம் மாறிட்டு அண்ணாச்சி" என்றாள் ஆவுடை.